சட்டைக்குள் தைத்த பெயர்

உடையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பட்டையும் சரிகையையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். அரசன் எதை உடுத்தினான், அரசி எதை ஒதுக்கினாள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. குளிரிலும் மழையிலும் கூலி வேலைக்குப் போனவன் எதைப் போர்த்திக்கொண்டு போனான் என்பது ஓர் ஓரக் குறிப்பாக மட்டுமே வந்துபோகும். அந்தக் குறிப்புகளுக்குள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவரும் குடும்ப நிறுவனம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப்போகிறோம். நியூயார்க்கின் ஷாட் சகோதரர்கள் தொடங்கிய தோல் மேலங்கி நிறுவனம் அது.

நாங்கள் மூவர், உடன்பிறந்தவர்கள். இந்த நிறுவனத்தின் கதையைத் தேடிப் படித்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அவர்கள் கதை.

1913ஆம் ஆண்டு. மன்ஹாட்டன் தீவின் தென்கிழக்குப் பகுதியில், லோயர் ஈஸ்ட் சைட் என்று அழைக்கப்பட்ட நெருக்கமான குடியிருப்பில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் இர்விங் ஷாட், ஜாக் ஷாட் என்ற இரு சகோதரர்கள் மழைக்கோட்டுகள் தைக்கத் தொடங்கினார்கள். ருசியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள் அவர்கள். தைத்த கோட்டுகளைத் தலைச்சுமை வியாபாரிகள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். கடை கிடையாது, பலகை கிடையாது. சொல்லிக்கொள்ளத்தக்க மூலதனம் என்று பார்த்தால் கைகளும் கத்தரிக்கோலும்தான்.

அந்த இடத்தையும் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டே ஆண்டுகளுக்கு முன்னால், 1911 மார்ச் 25 அன்று, அதே நகரில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் மாண்டிருந்தார்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. தையல் தொழில் என்பது வந்திறங்கியவனுக்குக் கிடைக்கும் முதல் வேலை; அவனைக் கொல்லக்கூடிய வேலையும் அதுவே. அந்த வட்டாரத்தில் நிலவறைகளிலும் மாடி அறைகளிலும் எத்தனையோ குடும்பங்கள் தைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஷாட் குடும்பத்தின் பெயர் தெரிகிறது. ஏன் என்பதுதான் கேள்வி.

திறமை என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்வது பெயர் தெரியாமல் போனவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்வதாகும். அதை ஏற்க எங்களுக்கு மனமில்லை.

*

மழைக்கோட்டிலிருந்து ஆட்டுத்தோல் உள்வரி வைத்த குளிர்க்கோட்டுகளுக்கும், அங்கிருந்து தோல் மேலங்கிகளுக்கும் நிறுவனம் நகர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரு சிறிய இயந்திரம் உலகுக்குப் புதிதாக வந்திருந்தது. கிடியன் சுண்ட்பேக் என்ற பொறியாளர் மேம்படுத்தி 1917இல் காப்புரிமை பெற்ற பல் கோர்ப்பான் அது. 1923இல் குட்ரிச் என்ற ரப்பர் நிறுவனம் தன் மழைக்காலணிகளில் அதைப் பொருத்தியபோது 'ஜிப்பர்' என்ற பெயர் வந்தது. காலணிக்கும் புகையிலைப் பைக்கும் உரியதாக இருந்த அந்த உலோகப் பற்களை இர்விங் ஷாட் ஒரு ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் வைத்தார். அப்படி வைத்த முதல் நிறுவனம் தாங்களே என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் பெருமை.

1928இல் அவர் வடிவமைத்த மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஹார்லி டேவிட்சன் வண்டிகளை விற்ற லாங் ஐலண்ட் விநியோகஸ்தர் ஒருவர் வழியே அது விற்பனைக்கு வந்தது. விலை 5 டாலர் 50 சென்ட். அதற்கு இர்விங் வைத்த பெயர் 'பெர்ஃபெக்டோ'. அது தமக்கு மிகவும் பிடித்த சுருட்டின் பெயர்! தம் பெயரை வைக்கவில்லை, தந்தை பெயரை வைக்கவில்லை. இந்தத் தகவலைப் படித்தபோது நாங்கள் சிரித்தோம். பின்னர் வேறொரு காரணத்துக்காக அதையே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ஜாக்கெட்டை இன்று பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைக்கும் ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது. ஜிப் நேராக நடுவில் ஓடாமல் சாய்ந்து ஓடுவது ஏன்? வண்டியில் முன்னால் குனிந்து அமரும்போது நேர் ஜிப் மடங்கி வயிற்றில் குத்தும். சாய்ந்த ஜிப் குத்தாது. ஒரு பக்கத் தோல் மறுபக்கத்தின் மேல் படிந்து மூடுவதால் நெஞ்சில் காற்று ஏறாது. மணிக்கட்டில் உள்ள ஜிப் கைக்குள் காற்று புகாமல் தடுக்க. கழுத்துப்பட்டையின் முனைகளைப் பொத்தானிட்டு அமர்த்துவது, வேகத்தில் அவை முகத்தில் அடிக்காமல் இருக்க. இடுப்புவார் கீழிருந்து வரும் குளிரை அடைக்க. சாலையில் விழுந்தால் கிழிவது தன் தோலாக இல்லாமல் குதிரையின் தோலாக இருக்கட்டும் என்பது மொத்த ஏற்பாட்டின் நோக்கம்.

குதிரைத்தோல் என்று சொன்னோம். அந்த நாளின் முரட்டு மேலங்கிகள் பெரும்பாலும் குதிரைத்தோலில் தைக்கப்பட்டன. வண்டியிழுக்கவும் உழவும் குதிரைகள் ஏராளமாக இருந்த நாடு அது. பிறகு மோட்டார் வாகனங்களும் டிராக்டர்களும் குதிரைகளை அப்புறப்படுத்தின. குதிரை போனதும் குதிரைத்தோலும் அருகியது. மாட்டுத்தோல் அந்த இடத்தைப் பிடித்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குதிரையை விரட்டிய மோட்டாரின் மேல் ஏறி அமர்ந்தவன், சில காலம் குதிரையின் தோலையே போர்த்திக்கொண்டு போனான்.

*

பெர்ஃபெக்டோ வந்த மறு ஆண்டே, 1929இல், அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பெருமந்தத்தின் ஆண்டுகளில் எத்தனையோ தையற்கூடங்கள் மூடப்பட்டன. ஷாட் நிறுவனம் பிழைத்துக்கொண்டது. பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. விமானப்படையினருக்குத் தோல் ஜாக்கெட்டுகள், கடற்படையினருக்கு இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த தடித்த கம்பளிக் கோட்டுகள் என்று அரசாங்கக் கொள்முதல் தொடங்கியது. போர் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் அந்தக் கம்பளிக் கோட்டுகள் படைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு குடும்ப நிறுவனத்தின் வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் உழைப்பையும் நேர்மையையும் மட்டுமே பேசுவது வழக்கம். இங்கே அரசாங்கம் என்ற வாடிக்கையாளரையும் சேர்த்தே பேச வேண்டும். விலையை ஒப்புக்கொண்டு, அளவைச் சொல்லி, ஆண்டுக்கணக்கில் வாங்குகிற ஒரு கை பின்னால் இருந்தது.

அடுத்தது யாரும் திட்டமிடாதது. 1953இல் 'தி வைல்ட் ஒன்' என்ற திரைப்படம் வந்தது. கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் 1947இல் மோட்டார் சைக்கிள் கூட்டம் நடத்திய கலவரத்தைத் தொலைவான மூலமாகக் கொண்ட கதை. மார்லன் பிராண்டோ தோள்பட்டையில் நட்சத்திரம் பதித்த பெர்ஃபெக்டோ வகை ஜாக்கெட்டில், தொப்பியைச் சாய்த்து வைத்து, வண்டியின் மேல் சாய்ந்து நின்றார். அந்தத் தோற்றத்தைக் கண்டு பெரியவர்கள் நடுங்கினார்கள். பிரிட்டனில் அந்தப் படத்துக்குத் தணிக்கைக் குழு 1967 வரை சான்றிதழ் தர மறுத்தது. அமெரிக்காவில் பல பள்ளிகள் தோல் ஜாக்கெட் அணிந்து வரக்கூடாது என்று தடை போட்டன. காற்றுக்கும் குளிருக்கும் அஞ்சித் தைத்த ஓர் உடை, சமூகத்தை அஞ்சவைக்கும் உடையாக ஆயிற்று. இர்விங் ஷாட் அப்படி எதையும் நினைத்துச் சாய்வு ஜிப்பை வரையவில்லை.

1976இல் ராமோன்ஸ் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, உறையில் நால்வரும் செங்கற்சுவரின் முன்னால் கறுப்புத் தோல் ஜாக்கெட்டுகளில் நின்றார்கள். அதற்குப் பிறகு கலகக்காரன் என்று காட்டிக்கொள்ள விரும்பிய ஒவ்வொருவனும் அதை வாங்கினான். கலகம் கடையில் விலைக்குக் கிடைக்கும் பொருளானது குறித்து நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அணிந்தவர்கள் மாறினார்கள், அர்த்தம் மாறியது, விலை மாறியது. வெட்டும் முறை பெரிதாக மாறவில்லை. ஒரு நல்ல வடிவத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதைத் திருத்திக்கொண்டே இராமல் விட்டுவைத்ததும் ஒரு கலைதான்.

பிற்காலத்தில் அமெரிக்காவின் ஆடைத் தொழில் ஆசியாவை நோக்கி நகர்ந்தது. மலிவான கூலி எங்கே இருக்கிறதோ அங்கே தையல் இயந்திரம் போகும் என்பது அந்தத் தொழிலின் பழைய விதி. ஷாட் நிறுவனமும் சில வகை உடைகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தது. ஆனால் அடையாளமான தோல் ஜாக்கெட்டுகளை அமெரிக்காவிலேயே தைப்பதை அவர்கள் விடவில்லை. நியூஜெர்சியின் பெர்த் அம்பாயிலும், பிறகு எலிசபெத்திலும், அதற்கும் பிறகு யூனியனிலுமாகத் தொழிற்சாலை இடம் மாறியது. இர்விங்கின் மகன் மெல், அவருக்குப் பின் வந்தவர்கள், நான்காம் தலைமுறையில் ஜேசன் ஷாட் என்று பொறுப்பும் கைமாறிக்கொண்டே வந்தது. 2013இல் நூறு ஆண்டுகள் நிறைந்தன.

*

எல்லாக் குடும்பங்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1924இல் எலி பெலோவிச்சும் அவருடைய மருமகன் ஹாரி கிராஸ்பர்க்கும் தொடங்கிய நிறுவனம் பெல்ஸ்டாஃப். மெழுகு ஏற்றிய பருத்தித் துணியில் மோட்டார் சைக்கிள் உடைகள் தைத்துப் புகழ்பெற்றது. பெலோவிச்சின் 'பெல்', ஸ்டாஃபோர்ட்ஷயரின் 'ஸ்டாஃப்' சேர்ந்தது அந்தப் பெயர். பின்னர் குடும்பத்தின் கையை விட்டு அது போயிற்று, இத்தாலிக்குப் போயிற்று, 2011இல் ஒரு முதலீட்டுக் குழுமத்துக்கும், 2017இல் இனியோஸ் என்ற வேதிப்பொருள் நிறுவனத்துக்கும் கைமாறியது. குடும்பம் போன பின்னும் பெயர் விலைபோகிறது. பெயரில் பாதி இன்னும் அந்த மாமனாருடையது என்பதை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதே நாட்டின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் ஜான் பார்பர் 1894இல் மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் எண்ணெய்த்துணி மேலங்கி விற்கத் தொடங்கினார். 1968இல் அவர் வழிவந்த இன்னொரு ஜான் பார்பர் தமது இருபத்தொன்பதாம் வயதில் இறந்துபோனார். ஆசிரியையாக இருந்த அவருடைய மனைவி மார்கரெட், சிறு குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குள் வந்தார். சில ஆண்டுகளில் தலைமையேற்றார். உள்ளூர்த் தொழிலாக இருந்ததை உலகறியும் பெயராக்கினார். பழைய கோட்டைத் திருப்பி அனுப்பினால் மீண்டும் மெழுகேற்றி, கிழிசலை ஒட்டுப்போட்டுத் தருவது அவர்களிடம் இன்றும் உள்ள வழக்கம். குடும்ப நிறுவனம் என்றாலே தந்தையிடமிருந்து மகனுக்கு என்ற சித்திரம் எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு மார்கரெட் பார்பர் நல்ல எடுத்துக்காட்டு.

*

இனி எங்கள் வீடு.

தாத்தா வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போடுவார்கள். அதைப் புரட்டி எடுப்பது அவர் வேலை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தென்னிந்தியத் தோல், 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போன காலத்தின் எச்சம் அவர். அவர் கைவிரல்களின் நகங்கள் கடைசிவரை பழுப்பாகவே இருந்தன. டி. செல்வராஜின் 'தோல்' நாவலை வாசித்தவர்களுக்கு அந்த வாழ்வை விளக்க வேண்டியதில்லை. அது திண்டுக்கல்லின் கதை. எங்கள் பாலாற்றங்கரைக்கும் பொருந்தும்.

அப்பா தொட்டிக்குள் இறங்கவில்லை. 1970களில் மூலத்தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முடிவுற்ற பொருள்களை ஊக்குவித்தபோது, காலணியும் ஜாக்கெட்டும் தைக்கும் கூடங்கள் சென்னையைச் சுற்றி எழுந்தன. அப்பா பெரியமேட்டுக்கு வந்து கட்டிங் மாஸ்டர் ஆனார். 1986இல் ஆறு இயந்திரங்களோடு சொந்தமாக ஒரு தையல் யூனிட் போட்டார். ஓர் ஏற்றுமதியாளருக்கு ஜாப் ஒர்க். தோல் அவர்களுடையது, ஜிப் அவர்களுடையது, லேபிள் அவர்களுடையது. கூலி ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று.

தோலை வெட்டுவது துணியை வெட்டுவது போன்றதன்று. துணி எந்த இடத்திலும் ஒன்றுபோல இருக்கும். தோலில் முதுகு உறுதி, வயிற்றுப் பகுதி இழுபடும். உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கீறிய கோடு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் இருக்கும். ஒரு ஜாக்கெட்டுக்கு ஏழெட்டு ஆட்டுத்தோல்கள் வேண்டும். அவை எல்லாவற்றையும் தரையில் விரித்து, நிறத்துக்கும் தடிப்புக்கும் இணை சேர்த்து, நெஞ்சுக்கு எது, முதுகுக்கு எது, கைக்குள் மறையும் இடத்துக்கு எது என்று அப்பா தீர்மானிப்பார். அட்டையில் வெட்டிய அச்சுகளை அதன் மேல் நகர்த்தி நகர்த்தி வைப்பார். தையலிலும் ஒரு கடுமை உண்டு. துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய துளை மூடாது. அதனால் அந்தக் கூடத்தில் பேச்சு குறைவு.

வீட்டிலும் அந்தத் தொழிலைப் பற்றிப் பேச்சு குறைவு. வேறு காரணத்தால். அப்பாவின் முகவரி அட்டையில் 'கார்மென்ட்ஸ்' என்று மட்டுமே இருந்தது. தோல் என்ற சொல் இல்லை. வாடகைக்கு வீடு கேட்கப் போகும்போது என்ன தொழில் என்று கேட்டால் 'எக்ஸ்போர்ட்' என்பார். கேட்டவர் முகம் மலரும். அடுத்து "எதுல எக்ஸ்போர்ட்?" என்று கேட்டுவிடாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புவார். பள்ளிக்கூட விண்ணப்பங்களிலும் அப்படித்தான். காலில் அணியலாம், இடுப்பில் கட்டலாம், பணம் வைத்துக்கொள்ளலாம். தைத்தவன் பக்கத்து வீட்டில் குடியிருக்கக் கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா வேலை முடிந்து வந்ததும் எங்களைத் தொடுவதற்கு முன்னால் குளித்துவிடுவார் என்பதிலிருந்தே தெரிந்துகொண்டோம்.

2008இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் ஐரோப்பிய ஆர்டர்கள் நின்றன. 2009இல் யூனிட்டை மூடினார். மூவரில் ஒருவரையும் அவர் தொழிலுக்கு அழைத்ததில்லை. மூத்தவன் கணினித் துறைக்குப் போனான், நடுவில் உள்ளவன் வங்கிக்கு, இளையவள் கல்லூரிக்குப் பாடம் நடத்த. அதை அவர் தோல்வியாக நினைக்கவில்லை. ஷாட் குடும்பம் நான்கு தலைமுறையாகப் பிள்ளைகளைத் தொழிலுக்குள் வைத்துக்கொண்டதைத் தங்கள் வெற்றியாக எண்ணியது. அப்பா ஒரே தலைமுறையில் பிள்ளைகள் எல்லோரையும் தொழிலுக்கு வெளியே கொண்டுவந்ததைத் தம் வெற்றியாக எண்ணினார். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

மூத்தவன் நியூஜெர்சியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, பழைய பொருள் விற்கும் கடையொன்றில் ஒரு பெர்ஃபெக்டோவை வாங்கினான். விடுமுறைக்கு வந்தபோது எடுத்து வந்தான். சென்னையின் மே மாதத்தில் அதை யாரும் போட்டுப் பார்க்கக்கூட முடியாது. அப்பா போடவில்லை. பாய் விரித்து அதன் மேல் வைத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார். காலரின் அடிப்புறத்தைப் புரட்டினார், உள்துணியை ஓர் ஓரத்தில் தடவினார், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணினார். கக்கத்தில் தோல் இணையும் இடத்தில் நெடுநேரம் விரலை வைத்திருந்தார்.

"இத தெச்சவன் நல்லா சாப்ட்டுட்டு உக்காந்து தெச்சிருக்கான்" என்றார்.

"நீ தெச்சதும் இப்படித்தானப்பா இருக்கும்" என்றாள் இளையவள்.

"இருக்கும் பாப்பா. ஆனா மறுநாள் காலைல கன்டெய்னர் கிளம்பும். இவனுக்கு அந்தக் கவல இல்ல."

பிறகு உட்புறத்தில் இருந்த லேபிளை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். யாருடைய பெயர் என்று கேட்டார். தைத்தவர்களின் முதலாளிக் குடும்பத்தின் பெயர் என்றோம். "பேரு போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். அதைச் சொன்ன குரலில் பொறாமை இல்லை. வேறு ஏதோ இருந்தது. அதற்குச் சரியான சொல் எங்களுக்கு இன்னும் அகப்படவில்லை.

*

ஷாட் குடும்பத்தின் வரலாற்றை நாங்கள் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். படிக்கப் படிக்க, எங்கள் கேள்வியும் உருமாறியது. அவர்கள் ஏன் நிலைத்தார்கள், அப்பா ஏன் நிலைக்கவில்லை என்று தொடங்கினோம். விடைகள் கிடைக்காமல் இல்லை. அவர்களுக்குப் பக்கத்திலேயே சந்தை இருந்தது. தைத்ததை நேரே விற்க முடிந்தது. அப்பாவின் சந்தை கடலுக்கு அப்பால் இருந்தது. நடுவில் ஏற்றுமதியாளரும் இறக்குமதியாளரும் இருந்தார்கள். அவர்களுடைய வடிவம் அவர்களுக்கே சொந்தம். அப்பா வெட்டிய அச்சு, வாங்குகிறவன் அனுப்பிய மாதிரியின் நகல். அவர்களுக்கு அரசாங்கக் கொள்முதல் இருந்தது. அப்பாவுக்கு அடுத்த சீசன் ஆர்டர் வருமா என்ற கவலை இருந்தது.

பழிப்புச் சொல் அவர்களுக்கும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களே வேண்டாம் என்று 1924இல் சட்டமியற்றி வாசலைச் சாத்திய நாடு அது. சுருட்டின் பெயரை இர்விங் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று நாங்கள் நெடுநேரம் பேசியது இதனால்தான். அது வெறும் விருப்பமாகவே இருக்கலாம். ஆனால் வந்தேறியின் மகனுக்கு, கடைப்பலகைக்குத் தன் பெயரைவிட ஒரு சுருட்டின் பெயர் பாதுகாப்பாக இருந்திருக்கவும் கூடும் என்று எங்களில் ஒருவர் சொன்னதை மற்ற இருவராலும் தள்ளிவிட முடியவில்லை. வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே பழிப்பு, வந்தவன் எங்கிருந்து வந்தான் என்பதன் மேல் இருந்தது. செய்த தொழிலின் மேல் இல்லை. ஒரு தலைமுறை கழிந்ததும் பெயர் வெளியே வர முடிந்தது. இங்கே பழிப்பு தொழிலோடும் பிறப்போடும் சேர்த்துத் தைக்கப்பட்டது. தொழிலைவிட்டு வெளியேறினால்தான் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியும். சொல்லும்போது தொழில் இருக்காது.

பாலாற்றை நாங்கள் மறந்துவிடவில்லை. தோல் கழிவு அந்த ஆற்றையும் அதன் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சாட்சி. தாத்தாவின் கூலியும் அந்தத் தண்ணீரும் ஒரே கணக்கில் வருகின்றன. இந்தத் தொழிலைப் பாடிப் புகழ எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் தொழிலின் குற்றம் அதில் நின்று வெந்தவனின் தலையில் இறங்குவதும், லாபம் வேறு பெயரில் எழுதப்படுவதும் நியாயம் இல்லை.

*

அப்பா 2019இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்றவற்றுள் நாற்பத்தொரு அட்டை அச்சுகள் இருந்தன. எண்ணெய்க்கறை படிந்து, ஓரம் தேய்ந்து, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் அளவும் பகுதியும்: 'மு. பக்கம்', 'கை மேல்', 'காலர் அடி'. அவற்றுள் எட்டு அச்சுகள் எந்த வாடிக்கையாளருக்கும் உரியவை அல்ல. குறியீட்டு எண் இல்லை. ஒன்றாகச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது தெரிந்தது, அவரே வரைந்த ஒரு ஜாக்கெட். குட்டையானது, உள்வரி இல்லாதது, கழுத்துப்பட்டை இல்லாதது, கக்கத்தில் காற்றுக்கு வழிவிட்டது. நம் ஊரில் போட்டுக்கொள்ளக்கூடிய தோல் ஜாக்கெட் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்திருக்கிறார். எப்போது, யாருக்காக என்று எழுதி வைக்கவில்லை.

அவற்றை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம் என்றான் ஒருவன். நினைவுப்பொருள் என்று வைத்தால் நம் பிள்ளைகள் காலத்தில் குப்பைக்குப் போகும் என்றான் இன்னொருவன். அப்பாவிடம் பதினெட்டு ஆண்டுகள் தையல் பார்த்தவருடைய மகள் தோல் வடிவமைப்புப் படித்துவிட்டு, இரண்டு இயந்திரங்களோடு பையும் இடுப்புவாரும் தைத்து விற்கிறாள். முகவரி அட்டையில் தோல் என்றே போட்டிருக்கிறாள், தமிழில். கொடுத்தால் அவளிடம் கொடுப்போம் என்றாள் இளையவள். குடும்பத்துக்கு வெளியே போகிறதே என்ற தயக்கம் சில மாதங்கள் இருந்தது. ஷாட் குடும்பத்தின் நூறாண்டுக் கதையைப் படித்ததில் ஒன்று எங்களுக்குத் தெளிவாயிற்று. ஒரு தொழில் குடும்பத்துக்குள் நிலைப்பது இரத்தத்தால் அன்று. அதைச் செய்ய வெட்கப்படாத ஒருவர் அந்தத் தலைமுறையில் இருப்பதால். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரை உருவாக்காமல் இருப்பதற்காக அப்பா வாழ்நாள் முழுக்க உழைத்தார். அந்த ஒருவர் பக்கத்து வீட்டில் உருவாகிவிட்டார்.

எட்டு அச்சுகளையும் கொடுத்தோம். அவள் அவற்றைத் தரையில் பரப்பி, சற்று நேரம் பார்த்துவிட்டு, கையின் நீளத்தில் அரை அங்குலம் குறைக்க வேண்டும் என்றாள். அப்பா இருந்திருந்தால் வாதிட்டிருப்பார். நாங்கள் வாதிடவில்லை. லேபிளில் மாஸ்டர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தைக்கிறவள் பெயரைப் போடு, அவர் பெயர் அட்டையில் அவர் கையெழுத்தாகவே இருக்கிறது என்று சொன்னோம்.

மூன்று ஜாக்கெட்டுகளுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். ஐப்பசியில் மழை பிடிப்பதற்கு முன் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவசரமில்லை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து தை என்று சொல்லிவிட்டு வந்தோம்.